சந்தைக்கு இறங்குபவருக்கு என்ன தெரிய வேண்டும்? மலையகத்துக்கு ஒரு சந்தைச் செயலியை வடிவமைக்கும்போது கற்றவை

சம்பளம் போட்ட பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அத்தையுடன் ஹட்டனுக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எதிர்ப் பக்கம் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து இரண்டு பைகளுடன் ஒரு அக்கா இறங்கினார். சுகம் விசாரிப்பதற்கு முன்பே அத்தை கேட்டார்: "தக்காளி என்னா வெலை போகுது?"

"காலையில எறக்கமா இருந்துச்சு, இப்ப ஏத்திட்டாங்க. கோவா நல்லா இருக்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிழங்கு வாங்காதீங்க, பழசு" என்றார் அவர்.

அரை நிமிடம் கூட ஆகவில்லை. அத்தை மனதில் வைத்திருந்த பட்டியல் மாறிவிட்டது. தக்காளி குறைந்தது, கோவா சேர்ந்தது, கிழங்கு வேறு இடத்துக்குப் போனது.

என் கையில் இருந்த கைத்தொலைபேசியில் அப்போது ஒரு செயலியின் மாதிரி இருந்தது. ஹட்டன் போன்ற நகரங்களில் தெருவோரச் சந்தைக்கு வருபவர்களுக்கு வழிகாட்டும் செயலி ஒன்றைச் செய்யலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மென்பொருள் வடிவமைப்பு என் தொழில். நான் வரைந்திருந்தது ஒரு வரைபடம். மரக்கறிக்குப் பச்சை, கருவாட்டுக்கு நீலம், துணிக்கு மஞ்சள் என்று கட்டங்கள். பஸ்ஸில் அதை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"மாணிக்கப்பிள்ளையார் கோயில் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. இதுல தக்காளி என்னா வெலைன்னு சொல்லுமா?"

சொல்லாது. அன்றைக்குத்தான் வேலை முதலிலிருந்து தொடங்கியது. அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் சந்தையில் நின்று கற்றதை இங்கே எழுதுகிறேன். செயலி இன்னும் முடியவில்லை. ஆனால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ யாராவது இப்படி ஒன்றைச் செய்ய நினைத்தால், நான் விட்ட பிழையிலிருந்து அவர் தொடங்க வேண்டியதில்லை.

வழி தெரியாதவர்கள் யார்?

தெருச் சந்தைக்குச் செயலி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வரைபடம். சுற்றுலாப் பயணிக்கு அது உதவும். நுவரெலியாவுக்கு ஏப்ரல் மாதத்தில் வரும் கொழும்புக் குடும்பத்துக்கும் உதவும். ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை அதே நகரத்துக்கு 40 வருடமாக இறங்கி வரும் ஒருவருக்கு வழி தெரியும்.

தொழில்நுட்பமும் இதில் கைகொடுக்காது. சாதாரண கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ், திறந்த வானத்தின் கீழ் ஏறக்குறைய 5 மீற்றர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும். இரு பக்கமும் கட்டடங்களும் மேலே தார்ப்பாயும் உள்ள ஒடுங்கிய தெருவில் பிழை இன்னும் கூடும். நடைபாதைக் கடை ஒன்றின் அகலமோ ஒன்று அல்லது இரண்டு மீற்றர்தான். நீங்கள் எந்தக் கடையின் முன் நிற்கிறீர்கள் என்று தொலைபேசியால் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு நடைபாதை வியாபாரி இடம் மாறுவார். மழை வந்தால் தாழ்வாரத்துக்குப் போவார், வெயில் ஏறினால் எதிர்ப்பக்கம் போவார்.

சந்தையில் மக்கள் ஒருவருக்கொருவர் எப்படி வழி சொல்கிறார்கள் என்று கவனித்தேன். "கோயில் பக்கம்", "ஸ்டேஷனுக்கு இறங்குற பாதை", "கருவாட்டுக் கடை வரிசை". யாரும் கடை இலக்கம் சொல்லவில்லை. ஆகவே வரைபடம் வைத்தே ஆக வேண்டுமென்றால், கடை கடையாக அல்லாமல் பகுதி பகுதியாக, ஊரார் சொல்லும் அடையாளங்களோடு வைத்தால் போதும். ஐந்தாறு பகுதிகள், ஒவ்வொன்றிலும் பொதுவாக என்ன கிடைக்கும் என்ற ஒரு வரி. அதற்கு மேல் துல்லியம் காட்டினால் அது பொய்த் துல்லியம்.

கூலியும் கடைசி பஸ்ஸும்

தோட்டத் தொழிலாளியின் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் கைக்கு வர வேண்டும். அதனால் 10ஆம் திகதியை ஒட்டிய ஞாயிறுகளில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா எல்லாமே நிரம்பி வழியும். வியாபாரிக்கும் அது தெரியும். எல்லாரும் ஒரே நாளில் வாங்க வரும்போது விலை இறங்கக் காரணம் இல்லை.

கையில் வரும் தொகையையும் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. 2024இல் இழுபறிகளுக்குப் பிறகு 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத்திட்டத்தில், அரசாங்கத்தின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. 1,350 ரூபாவிலேயே கணக்குப் போடுவோம். மாதம் 25 பேர் போட்டால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,700 ரூபா கழியும். 20 பேர்தான் என்றால் கழிவுக்குப் பின் 24,840 ரூபா. அரைப்பேர் விழுந்தால் அதிலும் குறையும். முற்பணமும் மற்றக் கழிவுகளும் போக மிஞ்சுவதோடுதான் அத்தையின் மருமகளுடைய சம்பளம் சந்தைக்கு வருகிறது. மருமகள் ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிறன்று உடுப்புத் துவைக்கிறார். சந்தைக்கு வருவது ஓய்வுபெற்ற அத்தை.

இந்த நிலையில் விலை வித்தியாசம் எவ்வளவு பெறுமதியானது? ஒரே சந்தையின் இரு முனைகளில் தக்காளிக்குக் கிலோவுக்கு 40 ரூபா வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ வாங்குபவருக்கு 20 ரூபா. இப்படிப் பத்துப் பொருளில் சேர்ந்தால் ஒரு நேரத்துக் கறிச் செலவு. அதைத் தேடி எல்லாக் கடையும் ஏறி இறங்க, 70 வயதை நெருங்கும் அத்தையின் முழங்காலும் விடாது, நேரமும் விடாது.

நேரத்தைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. பின்னேரமானால் மரக்கறி விலை இறங்கும். வாடிப்போகும் கீரையையும் லீக்ஸையும் திருப்பிக் கொண்டுபோக வியாபாரி விரும்பமாட்டார். ஆனால் மேல் தோட்டங்களுக்குப் போகும் பஸ்கள் குறைவு. கடைசி பஸ்ஸை விட்டால் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். நகரத்தில் குடியிருப்பவருக்குப் பின்னேர விலை கிடைக்கும், தோட்டத்தில் இருப்பவருக்குக் கிடைக்காது. எனவே விலையைக் காட்டும் அதே திரையில் பஸ் நேரமும் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். மலைக்குத் திரும்புகிறவருக்கு இரண்டும் ஒரே கேள்வி.

விலைத் தகவல் புதிய விடயம் அல்ல

இலங்கையில் விலைத் தகவலுக்குப் பஞ்சம் இல்லை. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் உணவுப் பொருட்களின் மொத்த, சில்லறை விலைகளைத் தொடர்ந்து திரட்டி வெளியிடுகிறது. மத்திய வங்கியும் நாளாந்த விலை அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. ஆனால் வங்கியின் அறிக்கை பேசுவது பெரும்பாலும் புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்டி விலைகளைத்தான். பஸ்ஸுக்கு நிற்பவர் அதைத் திறந்து பார்த்து ஹட்டனில் கரட் என்ன விலை என்று அறிய முடியாது.

மலையகத்தில் இதற்கு இன்னொரு முரணும் உண்டு. கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் நுவரெலியா மண்ணில் விளைபவை. அவை நுவரெலியா, கெப்பெட்டிபொல விசேட பொருளாதார மத்திய நிலையங்களுக்கும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. விலை அங்கேதான் தீர்மானமாகிறது. கண்ணுக்கு எதிரே விளையும் பொருளுக்குக் கூடத் தூரத்தில் முடிவான விலையைத்தான் தோட்டத்து மக்கள் கொடுக்கிறார்கள். 2022 நெருக்கடியின்போது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்குச் சராசரியாக ஏறக்குறைய 195 ரூபா. எரிபொருளும் இல்லாத அந்த மாதங்களில் நேற்றைய விலை இன்றைக்கு உதவவில்லை.

தொலைபேசி வழியாக விலை சொல்லும் முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது. தம்புள்ளைச் சந்தையில் 'கொவி ஞான சேவா' என்ற திட்டம் வியாபாரிகளிடம் விலைகளைத் திரட்டிப் பலகையில் காட்டியது. 2009இல் டயலொக் நிறுவனம் அதனுடன் சேர்ந்து 'ட்ரேட்நெட்' என்ற சேவையைத் தொடங்கி, அந்த விலைகளைச் சாதாரண கைத்தொலைபேசிக்கே கொண்டுவந்தது. நல்ல முயற்சி. ஆனால் அது விற்கும் விவசாயிக்காகச் செய்யப்பட்டது. கால் கிலோ வாங்கும் தொழிலாளி அதன் மனதில் இருக்கவில்லை.

கேரளத்தின் வடக்குக் கரையில் நடந்தது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் உதாரணம். அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. 1997 ஜனவரியில் ஒரு காலை, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளின்றித் தங்கள் மத்தி மீனைக் கொட்டினார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீற்றருக்குள் இருந்த சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பினார்கள். அந்தக் கரையில் கைத்தொலைபேசி வந்த பிறகு, படகிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டார்கள். வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியது, வாங்குபவர் கொடுக்கும் விலை 4 வீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே எந்தச் செயலியும் இருக்கவில்லை. ஒருவர் கேட்டார், இன்னொருவர் சொன்னார், அவ்வளவுதான். அத்தை பஸ் தரிப்பிடத்தில் செய்ததும் அதுவே.

தமிழ்நாட்டு உழவர் சந்தையும் ஒரு பாடம். 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதலாவது உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு நாள் காலையும் அன்றைய விலை முடிவாகிப் பலகையில் எழுதப்படும். மொத்த விலையை விடச் சற்றுக் கூட, வெளிச் சில்லறை விலையை விடக் குறைவு என்பது பொது விதி. எழுதப்படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் போதும். கால் நூற்றாண்டுக்கு மேலாக உழவர் சந்தையின் அடையாளங்களில் ஒன்றாக அந்தப் பலகை இருக்கிறது. செயலி செய்ய வருபவர்கள் முதலில் இந்தப் பலகையைப் பார்க்க வேண்டும்.

கோவாவா, முட்டைக்கோஸா?

முதல் மாதிரியில் பொருட்களின் பெயர்களை இணையத்தில் கிடைத்த தமிழ்ப் பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்திருந்தேன். 'முட்டைக்கோஸ்', 'பீன்ஸ்', 'நெத்திலி' என்று இருந்தது. அத்தை வீட்டுப் பேத்தி வாசித்துச் சிரித்தாள். இங்கே அவை கோவா, போஞ்சி, நெத்தலி. கிழங்கு என்றால் உருளைக்கிழங்கு. முள்ளங்கியைச் சந்தையில் ராபு என்றே கேட்கிறார்கள். கிளிநொச்சியில் நாங்கள் சொல்லும் சில பெயர்கள் கூட இங்கே வேறு. ஒரே தமிழ்தான், ஆனால் சந்தைக்குச் சந்தை சொல் மாறும். சொற்பட்டியலை அந்தந்த ஊர் ஆட்களே மாற்றிக்கொள்ளும்படி செயலி இருக்க வேண்டும்.

மொழி இன்னொரு விதத்திலும் வருகிறது. நுவரெலியா மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். ஆனாலும் விலை அட்டைகள் பல சந்தர்ப்பங்களில் சிங்களத்தில் மட்டும் இருக்கும். வியாபாரிக்குத் தமிழ் தெரியும், பேசுவார். அட்டை பேசாது. செயலியில் பொருளின் படம், தமிழ்ச் சொல், சிங்களச் சொல் மூன்றும் சேர்ந்து இருந்தால், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அது ஒரே திரை. பெரிய எழுத்தும், தொட்டால் வாசித்துச் சொல்லும் குரலும் இருந்தால் அத்தையும் பயன்படுத்துவார்.

அடுத்தது அளவை. ஒரு கடையில் விலை 250 கிராமுக்கு எழுதியிருக்கும், அடுத்த கடையில் 500 கிராமுக்கு, அதற்கடுத்ததில் கிலோவுக்கு. எண் சிறியதாகத் தெரியும் கடைக்குக் கால் தானாகப் போகும். ஆகவே செயலி எல்லாவற்றையும் 250 கிராமுக்கு மாற்றிக் காட்டும். பெரும்பாலானவர்கள் வாங்கும் அளவு அதுதான்.

விலை சரியாக இருந்தும் நிறை பிழைத்தால் பயனில்லை. வியாபாரத் தராசு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை பெற்றிருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வியாபாரி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும். முறையிட 1977 என்ற இலக்கம் உண்டு. இந்த மூன்று தகவலும் ஒரு பக்கமாகத் தமிழில் இருந்தால் போதும். நான் கேட்ட பலருக்கு அந்த இலக்கம் தெரிந்திருக்கவில்லை.

சிக்னல் இல்லாத லயத்தில்

தோட்டத்துப் பாதை ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது மண்சரிவில் வீதிகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன, தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. விலை தெரிய வேண்டிய தேவை கூடிய நாட்கள் அவை.

இணையம் இருந்தால்தான் திறக்கும் செயலி இங்கே உதவாது. கடைசியாகக் கிடைத்த விலை தொலைபேசிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் அது எப்போதைய விலை என்பதும் பெரிதாகத் தெரிய வேண்டும். "இன்று காலை 9 மணி" என்பதும் "போன ஞாயிறு" என்பதும் ஒன்றல்ல. பழைய விலையைப் புதியது போலக் காட்டும் செயலியை ஒரு தடவை நம்பி ஏமாந்தவர் மறுபடி திறக்கமாட்டார்.

ஸ்மார்ட் போன் இல்லாதவர்களுக்குக் குறுஞ்செய்தி. அதிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். 'தக்காளி' நம் கண்ணுக்கு 4 எழுத்து. தொலைபேசி புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு 7. ஆகவே ஒரு செய்தியில் நான்கைந்து பொருளின் விலைதான் அடங்கும். எந்த நான்கு ஐந்து என்பதை வீட்டில் சமைப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டபோது பருப்பு, கிழங்கு, வெங்காயம், தக்காளி, நெத்தலி என்று வந்தது. நான் நினைத்திருந்த கரட்டும் லீக்ஸும் அதில் இல்லை.

பட்டியல் என்றால் பயம்

இது எனக்கு மிக முக்கியமாகப்பட்டது. நண்பர்கள் சொன்ன யோசனைகளில் ஒன்று, கடைகளுக்கு நட்சத்திரம் கொடுப்பது. வியாபாரியின் பெயர், படம், கடையின் இடம், நல்லவரா கூடுதலாக விற்பவரா என்ற மதிப்பீடு. உலகம் முழுவதும் செயலிகள் இதைத்தான் செய்கின்றன. நான் மறுத்தேன். காரணத்தை விளக்க என் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

1977 வன்செயலுக்குப் பிறகு அப்பாவின் குடும்பம் இந்த மலையிலிருந்து கிளிநொச்சிக்குப் போனது. திருமணமாகியிருந்த மூத்த அத்தை மட்டும் தோட்டத்தில் தங்கினார். எங்களைப் போலப் பல மலையகக் குடும்பங்கள் வன்னியில் குடியேறி, பின்னர் அங்கே நடந்த போரையும் முழுதாகச் சந்தித்தன. 1983இல் தமிழர் வீடுகளையும் கடைகளையும் அடையாளம் காண வாக்காளர் பட்டியல்கள் பயன்பட்டன என்பது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. 2018 மார்ச்சில், இங்கிருந்து அதிக தூரமில்லாத திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சமூக வலைத்தளங்களில் பரவிய வெறுப்பு அதற்கு எண்ணெய் ஊற்றியது. ஹட்டன் சந்தையில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் பக்கத்துப் பக்கத்தில் கடை போடுகிறார்கள். பெயரும் படமும் இடமும் "கூடுதலாக விற்பவர்" என்ற முத்திரையும் சேர்ந்த பட்டியல் ஒன்று ஒரு கெட்ட நாளில் யார் கைக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

நடைபாதை வியாபாரியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அவர்களிலும் தோட்டத்திலிருந்து வந்த இளைஞர்கள் உண்டு. எந்தக் கடை எந்த இடத்தில் என்று துல்லியமாகக் காட்டும் வரைபடம் வாங்க வருபவருக்கு மட்டுமல்ல, அகற்ற வருபவருக்கும் வழி காட்டும்.

ஆகவே செயலியில் வியாபாரியின் பெயர் இல்லை. ஒரு பகுதியில் ஒரு பொருளின் ஆகக் குறைந்த விலையும் ஆகக் கூடிய விலையும் மட்டும் இருக்கும். "கோயில் பக்கம், கோவா, 250 கிராம், இத்தனையிலிருந்து இத்தனை வரை." பேரம் பேச அது போதும்.

வாங்குபவரின் விவரமும் வேண்டாம். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, தொலைபேசியிலுள்ள தொடர்புகள், இருக்கும் இடம் எதையும் கேட்பதில்லை. இடம்பெயர்ந்தோர் முகாமில் எத்தனை தடவை பெயர் பதிந்தோம் என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு படிவமும் நன்மைக்கு என்றுதான் சொல்லப்பட்டது. இன்றும் "அனுமதி கொடுக்கவும்" என்று திரையில் வந்தால் என் அம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டுகிறார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நல்லது. ஆனால் ஆகச் சிறந்த பாதுகாப்பு, சேர்க்காமல் விடுவதுதான். இல்லாத பட்டியலை யாரும் பறிக்க முடியாது.

விலையை யார் போடுவது?

கடைசியாக வந்த, ஆகக் கடினமான கேள்வி இது. வியாபாரியே போட்டால் தனக்கு வசதியான விலையைப் போடலாம். வாங்குபவர்கள் போட்டால் ஒருவர் பிழையாகப் போடலாம், வேண்டுமென்றே போடவும் செய்யலாம். நாங்கள் பரிசோதித்த முறை எளிமையானது. சந்தையிலிருந்து திரும்புபவர் தான் கொடுத்த விலையை ஒரு தொடுதலில் பதிவார். மூன்று பேராவது ஒத்த விலையைச் சொன்ன பிறகுதான் அது எல்லாருக்கும் தெரியும். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

செயலியால் முடியாததும் உண்டு. சந்தையில் காசுக்குத்தான் சாமான். தோட்டத்துக் கடையில் கடன் கொப்பி இருக்கிறது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதவர், விலை கூட என்று தெரிந்தும் கொப்பியில் எழுதித்தான் வாங்குவார். அவருக்குக் குறைந்த விலை எங்கே என்று சொல்வது சில நேரம் புண்ணைக் கிளறுவது போலாகும். அது கூலியின் பிரச்சினை. செயலி அதைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தங்கள் ஊரில் இதைத் தொடங்க விரும்புபவர்களுக்கு என் ஆலோசனை, கணினியைத் திறக்க முன் ஒரு கரும்பலகையை வாங்குங்கள். சந்தைக்குப் போகும் பஸ் ஏறும் இடத்தில் அதை வையுங்கள். முதல் பஸ்ஸில் போய்த் திரும்புபவரிடம் ஐந்து பொருளின் விலையைக் கேட்டு, நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். நான்கு வாரம் இதைச் செய்தால் எந்தப் பொருள் முக்கியம், எந்தச் சொல் புரிகிறது, எந்த நேரத்துக்குப் பின் விலை பயனற்றுப் போகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பலகையை யாரும் பார்க்காவிட்டால் செயலியையும் பார்க்கமாட்டார்கள்.

1990களில் வன்னியில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், சந்தைக்குப் போய்த் திரும்பும் சைக்கிளை மறித்து அம்மா விலை கேட்பது எனக்கு நினைவிருக்கிறது. யாரும் விலையை மறைத்ததில்லை. அடுத்தவர் வீணாக நடந்து போய் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற எண்ணம்தான். நாங்கள் செய்யும் செயலிக்கு அந்தப் பழக்கத்தை விடப் பெரிய அடித்தளம் எதுவும் கிடையாது.

போன மாதம் புதிய மாதிரியுடன் அத்தையிடம் போனேன். படம், கோவா என்ற சொல், இரண்டு எண்கள், கீழே பஸ் நேரம். தானே தொட்டுப் பார்த்தார். பிறகு வழக்கம் போலப் பஸ் தரிப்பிடத்தில் இறங்கிய ஒருவரிடம் விலையைக் கேட்டு, திரையில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்லுது" என்றார். "ஆனா கிழங்கு பழசா புதுசான்னு சொல்லலயே?"

அதைக் குறித்துக்கொண்டேன்.